மாலை ஐந்து மணி யாருக்கு?

(திருவனந்தபுரம் கரமனையில் நிகழ்ந்த கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



பெண்களும் விளையாட்டும் என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். கேரள மண்ணில் நின்று இந்தத் தலைப்பில் பேசுவது மிகச் சுலபம். உஷா, வல்சம்மா, ஷைனி, பீனாமோள், அஞ்சு என்று தடகள வீராங்கனைகளின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னால் போதும். ஒவ்வொரு பெயருக்கும் நீங்கள் கைதட்டுவீர்கள். நானும் வேர்க்காமல் மேடையை விட்டு இறங்கிவிடலாம். ஆனால் இன்றைக்கு அதைச் செய்யப்போவதில்லை. பதக்கத்துக்குக் கைதட்டுவது நமக்கு எப்போதோ பழகிவிட்டது. பதக்கத்துக்குப் பத்து வருஷம் முன்னால் என்ன நடக்க வேண்டுமோ, அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

ஒரே ஒரு கேள்வி. மாலை ஐந்து மணி யாருக்கு?

பள்ளிக்கூடம் விட்டாயிற்று. இருட்ட இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கிறது. வீட்டுப் பையன் புத்தகப் பையை மூலையில் எறிகிறான். பந்தை எடுக்கிறான். "எங்கேடா கிளம்பிட்டே?" என்று பாட்டி கேட்டு முடிப்பதற்குள் தெருமுனையைத் தாண்டிவிடுகிறான். அதே வீட்டில் அவனுடைய அக்கா இருக்கிறாள். அவளுக்கு அந்த ஐந்து மணி என்ன? டியூஷன். பாட்டு கிளாஸ். தம்பி திரும்பி வந்தால் குடிக்கக் காப்பி. கேட்டால் சொல்கிறோம்: வெயிலில் போனால் கறுத்துப்போவாய். கை கால் முறிந்தால் நாளைக்கு யார் கட்டிப்பான்? பெரியவளான பிறகு என்ன ஓட்டம், என்ன ஆட்டம்? இப்படிச் சொல்கிறவர்கள் கொடியவர்கள் இல்லை. அவள்மேல் உயிரையே வைத்திருக்கும் அம்மாவும் அப்பாவும்தான். அதனால்தான் அந்த வேலி இவ்வளவு உறுதியாக நிற்கிறது.

கும்ப மாதத்தில் ஒரு நாள் இந்த ஊரில் என்ன நடக்கிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆற்றுக்கால் பொங்காலை! கோயில் முற்றத்தில் தொடங்கி, கரமனைத் தெருக்களைக் கடந்து, நகரத்தின் பெரிய சாலைகள் எல்லாவற்றிலும் செங்கல் அடுப்பு. அடுப்புக்கு அடுப்பு அம்மனுக்குப் பொங்கல் வைக்கும் ஒரு பெண். 2009-இல் 25 லட்சம் பெண்கள் கூடினார்கள் என்று கின்னஸ் புத்தகம் பதிவு செய்தது. அன்றைக்கு பஸ் ஒதுங்குகிறது, கார் ஒதுங்குகிறது. ஆண்கள் குடிநீரும் மோரும் எடுத்துக்கொண்டு பணிவிடை செய்கிறார்கள். மதுரையை எரித்துவிட்டு இந்த வழியாக வந்த கண்ணகிதான் ஆற்றுக்கால் கோயிலில் அமர்ந்திருக்கிறாள் என்பது நம் பெரியவர்களின் நம்பிக்கை. ஒரு நாளுக்கு நகரத்தையே பெண்கள் கையில் கொடுக்கத் தெரிந்த ஊர் இது. மிச்ச நாள்களில் ஒரு மைதானத்தை, ஒரு மணி நேரத்துக்குக் கொடுக்கத் தெரியாதா?

கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்குக் கேரளத்திலேயே அத்தாட்சி இருக்கிறது. 1976-இல் மாநில அரசு கண்ணூரில் பெண்பிள்ளைகளுக்கென்று ஒரு விளையாட்டுப் பிரிவைத் தொடங்கியது. தங்க விடுதி, சாப்பாடு, ஓட மைதானம், சொல்லித்தரப் பயிற்சியாளர். நாற்பது பெண்களை எடுத்தார்கள். அந்த நாற்பதில் ஒருத்தி, பய்யோளிப் பக்கத்திலிருந்து வந்த பன்னிரண்டு வயதுச் சிறுமி. சின்ன வயதில் அடிக்கடி நோயில் விழுந்த குழந்தை. மாதம் 250 ரூபாய் உதவித்தொகை. பயிற்சியாளர் ஓ. எம். நம்பியார், விமானப்படையில் இருந்து வந்தவர். நான்கே ஆண்டுகளில், 1980-இல், பதினாறு வயதில் அந்தப் பெண் மாஸ்கோ ஒலிம்பிக்கில் நின்றாள். பி. டி. உஷா.

உஷாவின் கால்களைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். அந்த விடுதியைப் பற்றி யார் பேசுகிறோம்? விடுதி திறக்காமல் இருந்திருந்தால் அந்தக் கால்கள் எங்கே ஓடியிருக்கும்? கடைக்கும் வீட்டுக்கும் இடையில் ஓடியிருக்கும். அந்த நாற்பது பேரில் மற்றவர்கள் பெயர் நமக்குத் தெரியாது. தெரியாவிட்டால் என்ன? நாற்பது பேருக்கு இடம் கொடுத்தால்தான் அதிலிருந்து ஒருத்தி வருவாள். ஒருத்திக்கு மட்டும் இடம் போட்டு வைத்தால் ஒருத்தியும் வரமாட்டாள்.

சரி, 1984-க்கு வருவோம். லாஸ் ஏஞ்சலீஸ். ஆகஸ்ட் மாதம். பெண்களுக்கான 400 மீட்டர் தடை ஓட்டம். அரையிறுதியில் முதலாவதாக வந்துவிட்டார் உஷா. இறுதி ஓட்டம். முதல் தடவை எல்லோரும் புறப்படுகிறார்கள்; ஒரு வீராங்கனை முன்கூட்டியே கிளம்பிவிட்டார் என்று அத்தனை பேரையும் திரும்ப அழைக்கிறார்கள். மறுபடி குனிகிறார்கள். மறுபடி வெடிச் சத்தம். கடைசித் தடையும் தாண்டியாயிற்று. கோட்டை நோக்கி உடல்கள் சாய்கின்றன. ருமேனியாவின் கொஜோகாரு 55.41 விநாடி. நம் உஷா 55.42 விநாடி. ஒரு விநாடியை நூறாகப் பிளந்தால் அதில் ஒரு பங்கு! அந்த ஒரு பங்கில் வெண்கலம் போயிற்று.

அந்த ஒரு பங்கு எங்கே போயிற்று? உஷாவே பின்னாளில் சொன்னார். ஒலிம்பிக் கிராமத்தில் கிடைத்த சாப்பாடு அவருக்குப் பழக்கமில்லை. கஞ்சியும் கடுமாங்காய் ஊறுகாயும்தான் அவர் சாப்பிட்டது. கடைசி முப்பத்தைந்து மீட்டரில் உடம்பில் தெம்பு இல்லை என்றார். கஞ்சியும் கடுமாங்காயும் நம் எல்லோருக்கும் பிடிக்கும். ஜுரம் விட்ட அன்றைக்கு அமிர்தம்தான். ஆனால் உலகத்தின் மிக வேகமான எட்டுப் பெண்களில் ஒருத்தி ஓட்டத்துக்கு முன்னால் சாப்பிட வேண்டியதா அது? ஓடச் சொல்லி அனுப்பினோம். என்ன சாப்பிடுவாள் என்று யாரும் யோசிக்கவில்லை. நூறில் ஒரு பங்கு விதி என்று பேசிப் பேசி நாற்பது வருஷம் ஓட்டிவிட்டோம். அது விதி இல்லை ஐயா, ஏற்பாட்டுக் குறைவு.

இன்னொன்றும் கேளுங்கள். பெண்களுக்கு 400 மீட்டர் தடை ஓட்டம் ஒலிம்பிக்கில் வைக்கப்பட்டதே அந்த 1984-இல்தான். பெண்களின் மாரத்தானும் அந்த வருஷம்தான் முதல் முறை. அதற்கு முன்? 1928-இல் ஆம்ஸ்டர்டாமில் பெண்களுக்கு 800 மீட்டர் வைத்தார்கள். இறுதி ஓட்டத்தில் ஒன்பது பேர் ஓடினார்கள், ஒன்பது பேரும் முடித்தார்கள். ஜெர்மனியின் லீனா ராட்கே உலக சாதனையே செய்தார். மறுநாள் சில பத்திரிகைகள், பெண்கள் பாதியில் விழுந்தார்கள், சுருண்டார்கள், பார்க்கச் சகிக்கவில்லை என்று எழுதின. ஓடி முடித்த ஆண் தரையில் படுத்தால் வீரம். பெண் படுத்தால் பலவீனம். அந்தப் பொய்யை வைத்துக்கொண்டு அந்த ஓட்டத்தையே எடுத்துவிட்டார்கள். திரும்ப வந்தது 1960-இல், ரோமில். முப்பத்திரண்டு வருஷம்!

அந்த 800 மீட்டரில், 1984-இல் அரையிறுதி வரை போனவர் தொடுபுழையின் ஷைனி ஆபிரகாம். ஒலிம்பிக் தடகளத்தில் அரையிறுதியைத் தொட்ட முதல் இந்தியப் பெண். உஷா, ஷைனி, வல்சம்மா, வந்தனா ராவ் என்று நால்வர் சேர்ந்து தொடர் ஓட்டத்தில் இறுதிச் சுற்று வரை போய் ஏழாவதாக வந்தார்கள். நால்வரில் மூவர் மலையாளிப் பெண்கள். வல்சம்மா 1982 டில்லி ஆசிய விளையாட்டிலேயே 400 மீட்டர் தடை ஓட்டத்தில் தங்கம் வாங்கியவர். படித்தது நம் பாலக்காட்டு மெர்ஸி கல்லூரியில். ஆசிய விளையாட்டில் தனிநபர் தங்கம் வாங்கிய முதல் இந்தியப் பெண், 1970-இல் கமல்ஜீத் சந்து. 1992-இல் பார்சிலோனாவில் இந்தியாவின் கொடியை ஏந்தி முன்னால் நடந்தவர் ஷைனி. அதற்கு முன் எந்தப் பெண்ணும் அந்தக் கொடியைப் பிடித்ததில்லை.

கேரளம் பெற்ற இந்தப் பேறு வானத்திலிருந்து விழுந்ததா? ஜி. வி. ராஜா என்ற பெயரை இந்த அவையில் மூத்தவர்கள் அறிவார்கள். திருவிதாங்கூர் அரச குடும்பத்து மருமகன். விளையாட்டுக் கவுன்சில் என்ற அமைப்பைக் கட்டி எழுப்பியவர். 1971-இல் விமான விபத்தில் இறந்தார். அவர் பெயரில் ஒரு விளையாட்டுப் பள்ளி அருவிக்கரைக்குப் பக்கத்தில் மைலத்தில் இருக்கிறது. நம் தெருக்களுக்குப் பின்னால் ஓடுகிறதே கரமனை ஆறு, அது அகஸ்திய மலைப் பக்கம் பிறந்து, அருவிக்கரை அணையைக் கடந்துதான் நம்மிடம் வருகிறது. அங்கே தண்ணீரைத் தேக்கி நமக்குக் குடிக்கக் கொடுக்கிறார்கள். ஆற்றின் மேல் பக்கத்தில் பிள்ளைகள் விடியற்காலையில் ஓடிக்கொண்டிருக்கும்போது, கீழ்ப் பக்கத்தில் இருக்கும் நாம் அந்தப் பள்ளியில் நம் வீட்டுப் பெண்ணைச் சேர்க்கலாமா என்று ஒரு முறையாவது விசாரித்திருக்கிறோமா?

விசாரித்த ஒரு தமிழ்ப் பெண்ணைச் சொல்கிறேன். சென்னை, பழைய வண்ணாரப்பேட்டை. அப்பா கோயில் பூசாரி. பள்ளியில் விளையாட்டுக்குப் பெயர் கொடுக்கப் போனாள். மற்ற விளையாட்டுகளில் இடம் நிரம்பிவிட்டது, மிச்சமிருந்தது வாள்வீச்சு. கத்தி வாங்கக் காசில்லை, மூங்கில் கழியை வைத்துப் பழகினாள். அம்மா நகையை அடகு வைத்தாள். மேற்கொண்டு பயிற்சிக்கு எங்கே வந்தாள் தெரியுமா? நம் கேரளத்துக்குத்தான், தலச்சேரிக்கு. அங்கே இந்திய விளையாட்டு ஆணையத்தின் மையத்தில் தங்கிப் பழகினாள். டோக்கியோ ஒலிம்பிக்கில் வாள் பிடித்த முதல் இந்தியர், ஆணும் பெண்ணும் சேர்த்துச் சொல்கிறேன், முதல் இந்தியர் அவள். பவானி தேவி. முதல் சுற்றில் 15-3 என்று ஜெயித்தாள். தமிழ்நாடு பெற்றது, கேரளம் வளர்த்தது. கேரளத்தில் வாழும் நம்மைப் போன்ற தமிழர்களுக்கு இதைவிட நெருக்கமான கதை எது?

இனி கிரிக்கெட். கிரிக்கெட் என்றதும் பின்னால் நிற்கிறவர்கள் நிமிர்கிறீர்கள், தெரிகிறது! 2025 நவம்பர் 2-ஆம் தேதி நவி மும்பையில் ஹர்மன்பிரீத் தலைமையில் இந்தியப் பெண்கள் அணி தென்னாப்பிரிக்காவை 52 ரன்னில் வீழ்த்தி உலகக் கோப்பையை வென்றது. அன்றைக்கு இந்தத் தெருக்களிலும் வெடி வெடித்தது. நல்லது. ஆனால் 2005-இலும் நம் பெண்கள் உலகக் கோப்பை இறுதி ஆட்டம் ஆடினார்கள். தலைவி மிதாலி ராஜ், தமிழ்க் குடும்பத்துப் பெண். அந்தப் போட்டியில் ஆட்டத்துக்கு ஆயிரம் ரூபாய் கிடைத்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். அடுத்த ஆண்டுதான் பெண்கள் கிரிக்கெட் இந்தியக் கிரிக்கெட் வாரியத்தின் கைக்கு வந்தது.

நம் திருவனந்தபுரத்துப் பெண் ஆஷா சோபனா. லெக் ஸ்பின் போடுகிறவர். எத்தனை வருஷம் உள்நாட்டு ஆட்டம்! கேரளத்துக்கு, ரயில்வேக்கு, புதுச்சேரிக்கு. இந்தியச் சட்டையை முதன்முதலில் போட்டது 2024 மே மாதம், முப்பத்து மூன்று வயதில். பல ஆண்கள் ஓய்வு அறிவித்துவிட்டு வர்ணனை சொல்லப் போகும் வயது அது. அடுத்த மாதம் முதல் ஒருநாள் ஆட்டத்திலேயே 21 ரன்னுக்கு 4 விக்கெட். இருபத்து மூன்று வயதில் இந்தக் கை இல்லையா? இருந்தது. மகளிர் பிரீமியர் லீக் 2023-இல்தான் வந்தது. கதவைத் திறந்ததும் உள்ளே வந்துவிட்டார், அவ்வளவுதான். வயநாட்டுக் குறிச்சியப் பழங்குடிப் பெண் மின்னு மணியும் அப்படித்தான். நெல் வயலில் பையன்களோடு ஆடிப் பழகியவர். 2023-இல் இந்தியாவுக்கு ஆடிய முதல் கேரளப் பெண் ஆனார். மானந்தவாடி நகராட்சி ஒரு சாலைச் சந்திப்புக்கே அவர் பெயரை வைத்துவிட்டது.

சமத்துவம் வந்துவிட்டது என்று சிலர் சொல்கிறார்கள். 2022 அக்டோபரில் கிரிக்கெட் வாரியம் ஆட்டச் சம்பளத்தை ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றாக்கியது: டெஸ்டுக்கு 15 லட்சம், ஒருநாள் ஆட்டத்துக்கு 6 லட்சம், டி20-க்கு 3 லட்சம். பாராட்ட வேண்டிய முடிவு, நானும் பாராட்டுகிறேன். ஆனால் 2024-25 ஆண்டு ஒப்பந்தத்தைப் பாருங்கள். ஆண்களில் மேல் படிக்கு 7 கோடி. பெண்களில் மேல் படிக்கு 50 லட்சம். பதினான்கில் ஒரு பங்கு! "பணம் ஆண்கள் ஆட்டத்தில்தானே வருகிறது?" என்று உடனே கேட்பீர்கள். வரவிட்டால்தானே வரும்? மகளிர் லீக்கின் ஐந்தாண்டு ஒளிபரப்பு உரிமை 951 கோடிக்குப் போயிற்று. அதற்கு முதல் வருஷம் வரை "யார் பார்ப்பார்கள்?" என்றுதான் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

காசு மட்டும்தானா பேச்சு? புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சி. செங்கல் சூளையில் கூலி வேலை செய்த பெற்றோரின் மகள் சாந்தி சவுந்தரராஜன். 2006 டிசம்பரில் தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி. சில நாள்களில் பாலினச் சோதனையில் தேறவில்லை என்று பதக்கத்தைப் பறித்தார்கள். அவர் உடலைப் பற்றிய செய்தி நாட்டின் எல்லாத் தொலைக்காட்சிகளிலும் ஓடியது. ஒரு பெண்ணின் உடம்பை ஊர் நடுவில் வைத்து விவாதித்தார்கள். பிறந்த உடம்போடு பிறந்தது அவர் குற்றமா? தமிழக அரசு அறிவித்த 15 லட்ச ரூபாயைக் கொடுத்தது; அந்தப் பணத்தில் அவர் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பயிற்சி நடத்தினார். பிறகு காசு தீர்ந்து, அவரே செங்கல் சூளைக்குப் போன காலமும் வந்தது. 2016-இல்தான் அரசுப் பயிற்சியாளர் பணி நிரந்தரமாகக் கிடைத்தது. 2025 செப்டம்பரிலிருந்து உலகத் தடகள அமைப்பு பெண்கள் பிரிவில் ஓடுகிறவர்களுக்கு மரபணுச் சோதனையைக் கட்டாயமாக்கியிருக்கிறது. அறிவியல் வாதம் ஒரு பக்கம் நடக்கட்டும். சாந்திக்கு நடந்தது இன்னொரு கிராமத்துப் பெண்ணுக்கு நடக்கக் கூடாது. சோதனை எதுவானாலும் முடிவு மூடிய அறைக்குள் நிற்க வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

2023-இல் டில்லி ஜந்தர் மந்தரில் மல்யுத்தப் பெண்கள் தெருவில் உட்கார்ந்தார்கள். பாலியல் தொல்லை என்று புகார் சொன்னார்கள். அப்போது இந்திய ஒலிம்பிக் சங்கத்தின் தலைவர் யார்? நம் உஷா, அந்த நாற்காலியில் அமர்ந்த முதல் பெண். தெருவுக்கு வந்தது ஒழுங்கில்லை, நாட்டின் பெயருக்குக் கெடுதல் என்று அவர் சொன்னார். சில நாள் கழித்துப் பந்தலுக்கு நேரில் போனார். உஷாவை இவ்வளவு நேரம் புகழ்ந்தேன். இதையும் சொல்லாமல் போனால் நேர்மை இல்லை. பெண் ஒருவர் தலைமைக்கு வந்ததும் எல்லாம் சரியாகிவிடும் என்று நாம் சாய்ந்து உட்கார்ந்துவிடக் கூடாது. புகார் சொல்ல ஒரு வாசல், கேட்க ஒரு குழு, சொன்னவளுக்குப் பாதுகாப்பு: இவை ஆளை நம்பி இருக்கக் கூடாது, சட்டமாக இருக்க வேண்டும்.

முன்னால் கண்ணகியைச் சொன்னேன். சென்னையில் கண்ணகி நகர் என்று ஒரு குடியிருப்பு இருக்கிறது. நகரத்துக் குடிசைகளிலிருந்து அகற்றப்பட்டவர்களைக் கொண்டுபோய்க் குடியமர்த்திய இடம். முகவரியைச் சொன்னாலே வேலை கிடைக்காது என்று அங்கே வாழ்கிறவர்கள் சொல்லி வந்தார்கள். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் இந்தியப் பெண்கள் கபடியில் தங்கம் வென்றார்கள்; இறுதியில் ஈரானை 75-21 என்று சாய்த்தார்கள். அணியின் துணைத் தலைவி கார்த்திகா, அந்தக் கண்ணகி நகர்ப் பெண். இன்றைக்கு அந்த முகவரியைப் பிள்ளைகள் உரக்கச் சொல்கிறார்கள். கபடிக்கு என்ன வேண்டும்? கொஞ்சம் மண், ஒரு கோடு, மாலையில் கொஞ்ச நேரம். கரமனையில் இவற்றில் எது இல்லை?

இங்கே பக்கத்தில் பெண்கள் மேல்நிலைப் பள்ளி இருக்கிறது. நீறமண்கரையில் பெண்கள் கல்லூரி இருக்கிறது. பிள்ளைகள் இருக்கிறார்கள், எங்கே போய்த் தேட வேண்டும்? ஆனால் எந்த ஊர்ப் பள்ளியிலும் நடப்பதைச் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பத்தாம் வகுப்பு வந்ததும் பி.டி. பீரியட் கணக்கு வாத்தியார் கைக்குப் போய்விடுகிறது. சுத்தமான கழிப்பறை இல்லாத இடத்தில் பெண்பிள்ளை காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை. தண்ணீர் குடிக்காதவள் எப்படி ஓடுவாள்? மாதத்தில் மூன்று நாள் என்றால் அதை யாரிடம் சொல்வாள், பயிற்சியாளர் ஆணாக இருந்தால்? டோக்கியோ ஒலிம்பிக்குக்கு வந்த பயிற்சியாளர்களில் பெண்கள் 13 சதவீதம்தான். உலகமே இப்படி இருக்கும்போது நம் பள்ளி மட்டும் எப்படி இருக்கும்?

ஆகவே தாய்மார்களே, அப்பாமார்களே, உங்களிடம் நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. ஜூனில் பள்ளி திறக்கும். பெற்றோர் ஆசிரியர் கூட்டத்துக்கு அழைப்பு வரும். அப்பாக்களும் போங்கள், அம்மாவை மட்டும் அனுப்பாதீர்கள். மதிப்பெண்ணைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் மூன்றைக் கேளுங்கள். பெண்பிள்ளைகளுக்கு மைதானம் வாரத்தில் எந்தெந்த நாள், எத்தனை மணி? மைதானத்துக்குப் பக்கத்தில் பூட்டாத, தண்ணீர் வரும் கழிப்பறை இருக்கிறதா? விளையாட்டுச் சொல்லித்தர ஒரு பெண் ஆசிரியை உண்டா? இல்லை என்று பதில் வந்தால் விடாதீர்கள், எழுதிக் கொடுங்கள், அடுத்த கூட்டத்திலும் கேளுங்கள், வார்டு கவுன்சிலரிடமும் கேளுங்கள். அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். நாளைக்கு மாலை ஐந்து மணிக்கு உங்கள் வீட்டுப் பெண்ணை வெளியே விளையாட அனுப்புங்கள். காப்பியைத் தம்பி போட்டுக்கொள்ளட்டும்.